மனித இனப்பெருக்கக் கணக்குகள்: எதை எண்ணுகிறோம், எங்கிருந்து எண்ணுகிறோம்?

"100 சைகோட்டுகள் உருவாக மொத்தம் எத்தனை மியாசிஸ் பகுப்புகள் நடந்திருக்க வேண்டும்?" உயிரியல் தேர்வுத் தாள்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கேள்வி இது. சைகோட் என்பது கருவுற்ற முட்டை. மியாசிஸ் என்பது, அடுத்தடுத்த இரண்டு பகுப்புகளில் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கி விந்தணுவையும் முட்டையையும் தரும் செல் பகுப்பு. 100 என்று எழுதுபவர்கள் உண்டு. 200 என்று எழுதுபவர்களும் உண்டு. சரியான விடை 125. இதில் உள்ள கணிதம் தொடக்கப்பள்ளிக் கூட்டலும் வகுத்தலும்தான். ஒரு மியாசிஸ் ஆணிடம் எதைத் தருகிறது, பெண்ணிடம் எதைத் தருகிறது என்று மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எண்களைக் கையில் எடுப்பதால்தான் விடை பிசகுகிறது.

மனித இனப்பெருக்கம், வளர்ச்சி பற்றிய கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான். சூத்திரங்கள் குறைவு, கடினமான சூத்திரங்கள் அதைவிடக் குறைவு. எதை எண்ணச் சொல்கிறார்கள், எந்தக் கணத்திலிருந்து எண்ணச் சொல்கிறார்கள் என்ற இரண்டையும் கேள்வியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு விடையையும் படிக்கும் முன் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

செல்களை எண்ணுதல்

ஒரு முதல்நிலை விந்துச்செல் மியாசிஸை முடித்தால் 4 விந்தணுக்கள் கிடைக்கும். ஒரு முதல்நிலை முட்டைச்செல் அதே மியாசிஸை முடித்தால் கிடைப்பது ஒரே ஒரு முட்டை. மீதி எல்லாம் துருவ செல்களாகச் சிறுத்து அழிந்துபோகும். ஆகவே 100 விந்தணுக்களுக்கு 25 மியாசிஸ், 100 முட்டைகளுக்கு 100 மியாசிஸ், மொத்தம் 125.

இதே கேள்வியைச் சற்றே திருப்பிப் போட்டால் விடை மாறிவிடும். "100 விந்தணுக்கள் உருவாக எத்தனை இரண்டாம்நிலை விந்துச்செல்கள் தேவை?" என்றால் 50. ஏனென்றால், மியாசிஸின் முதல் பகுப்பை மட்டும் முடித்த இரண்டாம்நிலைச் செல் ஒவ்வொன்றும் இரண்டைத்தான் தரும். "101 விந்தணுக்களுக்கு எத்தனை முதல்நிலைச் செல்கள்?" என்று கேட்டால் 25.25 என்று எழுதக்கூடாது. கால் செல் என்று ஒன்று கிடையாது என்பதால் விடை 26.

துருவ செல்களில் ஒரு பொறி இருக்கிறது. "முட்டை உருவாக்கத்தில் எத்தனை துருவ செல்கள்?" என்றவுடன் 3 என்று எழுதிவிடுவோம். முதல் துருவ செல் மறுபடியும் பிரிந்தால்தான் மூன்று. அது பிரியாமலே அழிந்துவிட்டால் இரண்டுதான். இன்னும் முக்கியமானது எந்தக் கணம் என்பது. சூலகத்திலிருந்து வெளியேறும்போது முட்டைச்செல் இரண்டாம் மியாசிஸின் (அதாவது மியாசிஸின் இரண்டாம் பகுப்பின்) நடுக்கட்டமான மெட்டாஃபேஸ் நிலையில் நின்றுபோயிருக்கும். விந்தணு நுழைந்த பிறகுதான் அது மீதியை முடிக்கிறது. ஆகவே "அண்டம் விடுபடும் நேரத்தில்" என்று கேள்வி சொன்னால் உருவாகியிருப்பது முதல் துருவ செல் மட்டுமே. இரண்டாவதைப் பார்க்கக் கருவுறுதல் நடந்தாக வேண்டும். விந்தணு சேராத முட்டை மியாசிஸை முடிக்காமலே அழிகிறது. எனவே, கறாராகப் பார்த்தால் பெண்ணின் மியாசிஸ் முழுமை பெறுவது கருவுற்ற முட்டையில் மட்டும்தான்.

குரோமோசோமா, குரோமாட்டிடா, டி.என்.ஏ.வா?

ஒரே செல்லைக் காட்டி மூன்று விதமாக எண்ணச் சொல்லலாம். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

குரோமோசோம்களைச் சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இணைப்புப் புள்ளியை) வைத்து எண்ண வேண்டும். சென்ட்ரோமியர் எத்தனையோ, குரோமோசோம் அத்தனை. டி.என்.ஏ. இரட்டிப்பானதும் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு குரோமாட்டிடுகள், அதாவது ஒரே மாதிரியான இரண்டு நகல் இழைகள், வந்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே சென்ட்ரோமியரில் ஒட்டியிருப்பதால் குரோமோசோம் எண்ணிக்கை மாறாது. டி.என்.ஏ. அளவை "சி" என்ற அலகில் சொல்வது வழக்கம். ஒரு விந்தணுவில் இருப்பது 1 சி. அட்டவணையில் வரும் ஸ்பெர்மட்டோகோனியம் விந்தணு உருவாக்கத்தைத் தொடங்கும் மூலச்செல், ஸ்பெர்மாட்டிட் மியாசிஸை முடித்து விந்தணுவாக உருமாறவிருக்கும் செல்.

| செல் | குரோமோசோம் | டி.என்.ஏ. மூலக்கூறு | டி.என்.ஏ. அளவு |
|---|---|---|---|
| ஸ்பெர்மட்டோகோனியம் (இரட்டிப்புக்கு முன்) | 46 | 46 | 2 சி |
| முதல்நிலை விந்துச்செல் | 46 | 92 | 4 சி |
| இரண்டாம்நிலை விந்துச்செல் | 23 | 46 | 2 சி |
| ஸ்பெர்மாட்டிட், விந்தணு | 23 | 23 | 1 சி |

மூன்றாவது வரிசையை உற்றுப் பாருங்கள். இரண்டாம்நிலைச் செல் ஒற்றைமயம்தான் (ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு குரோமோசோம் மட்டும்), குரோமோசோம் 23தான். ஆனால் டி.என்.ஏ. அளவு 2 சி, அதாவது ஒரு சாதாரண உடல்செல்லில் இரட்டிப்புக்கு முன் இருக்கும் அதே அளவு. "ஒற்றைமயம் என்றால் டி.என்.ஏ. பாதி" என்று மனப்பாடம் செய்தவர்கள் விழும் குழி இது. முதல் மியாசிஸ் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்குகிறது. இரண்டாம் மியாசிஸ் அந்த எண்ணிக்கையைத் தொடாமல் குரோமாட்டிடுகளைப் பிரிக்கிறது. டி.என்.ஏ. அளவோ இரண்டு முறையும் பாதியாகிறது.

சில கேள்விகள் எடையில் வரும். மனித உடல்செல்லில், இரட்டிப்புக்கு முன், டி.என்.ஏ. சுமார் 6.6 பிகோகிராம். அப்படியானால் விந்தணுவில் 3.3, முதல்நிலை விந்துச்செல்லில் 13.2, இரண்டாம்நிலையில் 6.6. அட்டவணையின் கடைசிப் பத்தியை 3.3 ஆல் பெருக்கினால் முடிந்தது.

இந்த அட்டவணை கைவசம் வந்துவிட்டால் குரோமோசோம் பிரியாமைக் கணக்குகளும் எளிது. முதல் மியாசிஸில் ஒரு ஜோடி பிரியத் தவறினால் கிடைக்கும் நான்கு விந்தணுக்களிலும் குறை இருக்கும்: 24, 24, 22, 22. இரண்டாம் மியாசிஸில், ஒரே ஒரு இரண்டாம்நிலைச் செல்லில் தவறு நடந்தால் 24, 22, 23, 23. பாதி தப்பித்துவிடும். இப்போது ஒரு கணக்கு: 100 முதல்நிலை விந்துச்செல்கள், அவற்றில் ஒன்றில் மட்டும் முதல் மியாசிஸில் பிரியாமை. குறையுள்ள விந்தணுக்கள் எத்தனை சதவீதம்? மொத்தம் 400, குறையுள்ளவை 4, ஆகவே 1 சதவீதம். தவறு இரண்டாம் மியாசிஸில், ஒரு செல்லில் மட்டும் என்றால் 400-இல் 2, அதாவது 0.5 சதவீதம்.

குரோமோசோம்கள் தற்செயலாகப் பிரிவதால் வரும் சேர்க்கைகளின் எண்ணிக்கையை விரைவாகச் சொல்லிவிடலாம். 23 ஜோடிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு, எனவே 2²³ = 83,88,608. ஒரு தம்பதிக்குப் பிறக்கக்கூடிய சைகோட்டுகளில் 2⁴⁶, ஏறத்தாழ 70 லட்சம் கோடி வகைகள். ஜோடிக் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றத்தைச் சேர்க்காமலே இவ்வளவு.

லட்சங்களிலிருந்து நானூறுக்கு

பெண் கருவின் சூலகங்களில், கர்ப்பத்தின் 20-ஆம் வாரம் வாக்கில், சுமார் 70 லட்சம் முட்டைச்செல்கள் இருக்கும். வாழ்நாளில் அதிகபட்ச எண்ணிக்கை அதுதான். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது 3 முதல் 4 லட்சம். சில பாடநூல்கள் ஒரு சூலகத்துக்கு 60,000 முதல் 80,000 முதல்நிலைப் பாலிக்கிள்கள் (முட்டைச்செல்லும் அதைச் சுற்றிய செல் உறையும்) என்று எழுதுகின்றன. உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதைத் தேர்வில் எழுதுங்கள். ஆனால் "ஒரு சூலகத்துக்கு" என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டால் விடை பாதியாகிவிடும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திக்கொள்வது வீண் என்பேன். அவற்றின் சுவை வேகத்தைக் கணக்கிடும்போதுதான் தெரியும். 70 லட்சம் பிறப்புக்குள் 20 லட்சமாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 20 வாரம், அதாவது 140 நாள். 50 லட்சத்தை 140 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 36,000 முட்டைச்செல்கள் அழிகின்றன. பிறப்பிலிருந்து 12 வயது வரை 20 லட்சம் 4 லட்சமாகிறது. 16 லட்சத்தை 4,380 நாட்களால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 365. வேகம் நூறில் ஒரு பங்காகிவிட்டது. இவை சராசரிகள் மட்டுமே, உண்மையான அழிவு சீராக நடப்பதில்லை. இருந்தாலும், குழந்தை பிறக்கும் முன்பே இழப்பின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பதை ஒரு வகுத்தல் காட்டிவிடுகிறது.

சரி, வெளியேறுவது எத்தனை? 13 வயதில் முதல் மாதவிடாய், 51 வயதில் மாதவிடாய் நிறைவு என்றால் 38 ஆண்டுகள். 28 நாள் சுழற்சியில் ஆண்டுக்கு 13 முறை. 38 × 13 = 494. இரண்டு கர்ப்பங்களும், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆறு மாதம் தாய்ப்பால் காலத்தில் அண்டம் விடுபடாததும் கழியட்டும்: கர்ப்பத்துக்கு 10 சுழற்சி, பாலூட்டலுக்கு ஆறரை, இரண்டுக்கும் சேர்த்து 33. மீதி 461. பாடநூல்கள் "400 முதல் 500" என்று எழுதுவது இப்படி வந்ததுதான். ஆண்டுக்கு 12 சுழற்சி என்று போட்டால் 38 குறையும். சுழற்சி 28 நாள், காலண்டர் மாதம் சராசரியாக 30.4 நாள், இரண்டும் ஒன்றல்ல.

ஆண்களின் பக்கம் கதை நேர் எதிர். அங்கே இருப்பு என்று ஒன்றில்லை, உற்பத்திதான். நாளுக்குச் சுமார் 10 கோடி விந்தணுக்கள் என்று எடுத்துக்கொண்டு 86,400 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1,157. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால், துடிப்புக்கு 965. "ஒரு துடிப்புக்கு ஆயிரம் விந்தணு" என்று அறிவியல் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியத்தின் பின்னால் உள்ள கணக்கு இவ்வளவுதான்.

விந்தணு உருவாக்கத்துக்குச் சுமார் 64 நாட்கள் ஆகும். விந்து நுண்குழல் சுவரில் 16 நாள் கொண்ட சுழற்சி நான்கு முறை ஓடி முடிய வேண்டும். இதை வைத்து நல்ல கேள்வி ஒன்று கேட்கலாம்: ஒரு மருந்து ஸ்பெர்மட்டோகோனியம் பகுப்பை மட்டும் இன்று நிறுத்துகிறது. விந்தணு எண்ணிக்கை எப்போது விழும்? நாளைக்கே என்று தோன்றும். ஆனால் பாதி வழியில் இருக்கும் செல்கள் எல்லாம் தங்கள் பயணத்தை முடித்துக்கொண்டுதான் இருக்கும். விந்தணுக்கள் முதிர்ந்து தங்கும் குழாயான எபிடிடிமிஸில் கழியும் நாட்களையும் சேர்த்தால், வீழ்ச்சி முழுமையாகத் தெரிய இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். மருந்து ஸ்பெர்மாட்டிடுகளைத் தாக்குவதாக இருந்தால் விடை சில வாரங்கள்தான்.

சதவீதத்தின் சதவீதம்

ஒரு முறை வெளிப்படும் விந்தில் 20 முதல் 30 கோடி விந்தணுக்கள். அவற்றில் 60 சதவீதம் இயல்பான வடிவமும் அளவும் கொண்டவை. அந்த இயல்பானவற்றில் குறைந்தது 40 சதவீதம் வேகமாக நீந்துபவை. இயல்பான கருவுறு திறனுக்கு இப்படி இருக்க வேண்டும் என்று பள்ளிப் பாடநூல்களில் ஒரு வரி உண்டு. மொத்தம் 25 கோடி என்றால் இயல்பான வடிவமும் வேகமும் உள்ளவை எத்தனை? 60-ஐயும் 40-ஐயும் கூட்டி 100 சதவீதம் என்று போடுவோர் உண்டு. 40 சதவீதத்தை மொத்தத்தில் எடுத்து 10 கோடி என்று சொல்வோர் அதிகம். "அவற்றில்" என்ற சொல் பெருக்கச் சொல்கிறது: 0.6 × 0.4 = 0.24. விடை 6 கோடி.

இதைவிட நுட்பமான ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கிடைக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு அது தரும் கீழ்வரம்புகள்: அளவு 1.4 மி.லி., செறிவு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, மொத்த எண்ணிக்கை 3.9 கோடி. முதல் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 2.24 கோடிதான் வருகிறது, 3.9 அல்ல. அச்சுப்பிழையா? இல்லை. ஓராண்டுக்குள் துணைவியர் கருவுற்ற ஆண்களின் அளவுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் கீழிருந்து 5 சதவீதப் புள்ளியைத் தனித்தனியே எடுத்திருக்கிறார்கள். அளவில் கடைசியில் நிற்பவரே செறிவிலும் கடைசியில் நிற்க வேண்டும் என்பதில்லை. தனித்தனியாக எடுத்த இரண்டு வரம்புகளைப் பெருக்கி மூன்றாவதைப் பெற முடியாது. பள்ளித் தேர்வில் இது வராமல் போகலாம். ஆனால் உயிரியலில் எண்களைப் படிக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் சொல்லிவைக்கிறேன்.

சுழற்சியும் அதன் 14 நாட்களும்

"28 நாள் சுழற்சியில் 14-ஆம் நாள் அண்டம் விடுபடும்." இந்த வரியில் எது மாறாதது என்பதுதான் கேள்வி. சுழற்சியின் முதல் பாதியான பாலிக்கிள் நிலை ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் நீளும், குறுகும். கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய பின் பாலிக்கிளில் எஞ்சி ஹார்மோன் சுரக்கும் திசு) உயிரோடு இருக்கும் பின்பாதிதான் ஏறக்குறைய 14 நாள் என்று நிலையாக நிற்கிறது. ஆகவே அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 35 நாள் சுழற்சி என்றால் 21-ஆம் நாள், 24 நாள் என்றால் 10-ஆம் நாள். சுழற்சியைப் பாதியாக்கி 17, 12 என்று எழுதினால் தவறு. 28-க்கு மட்டும் இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதால்தான் இந்தக் குழப்பம் வெளியே தெரியாமல் நீடிக்கிறது.

விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கலாம். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். எனவே கருவுறும் வாய்ப்புள்ள காலம், அண்டம் விடுபடும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களுமாக 6 நாள். ஒருவரின் சுழற்சி 26 முதல் 32 நாள் வரை மாறுகிறது என்றால்? அண்டம் விடுபடுவது 12-ஆம் நாளிலும் இருக்கலாம், 18-ஆம் நாளிலும் இருக்கலாம். வாய்ப்புள்ள காலம் 7 முதல் 18 வரை, மொத்தம் 12 நாள். 18-இலிருந்து 7-ஐக் கழித்து 11 என்று எழுதிவிடாதீர்கள், இரு முனை நாட்களும் கணக்கில் உண்டு. இது பயிற்சிக் கணக்கு மட்டுமே. நாள் பார்த்துக் கருத்தடை செய்வது எவ்வளவு நம்பகமற்றது என்பதை இந்த 12 நாள் அகலமே சொல்லிவிடும்.

கர்ப்பத்துக்கு இரண்டு தொடக்கங்கள்

கருவுற்றதிலிருந்து பிறப்பு வரை சராசரி 266 நாள், 38 வாரம். ஆனால் மருத்துவர்கள் எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து: 280 நாள், 40 வாரம். காரணம் எளிது. கருவுற்ற நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, மாதவிடாய் தேதி தெரியும். இந்த 14 நாள் வித்தியாசத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாவிட்டால் வளர்ச்சி நிலைக் கேள்விகள் எல்லாமே ஆட்டம் காணும். மாதவிடாய் தள்ளிப்போன அன்று மருத்துவர் "4 வாரக் கர்ப்பம்" என்பார், கருவின் வயதோ 2 வாரம். கருவியல் நூல் "22-ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது" என்று சொன்னால், மருத்துவக் கணக்கில் அது 36-ஆம் நாள், அதாவது 5 வாரமும் ஒரு நாளும்.

பிறப்புத் தேதியைக் கணிக்க ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் நேகலேயின் பெயரில் ஒரு விதி இருக்கிறது: கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 3 மாதம் கழித்து, 7 நாளைக் கூட்டி, ஓர் ஆண்டைக் கூட்டுங்கள். 2024 ஜூன் 10 என்றால் மார்ச் 10, பிறகு மார்ச் 17, ஆண்டு 2025. நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் சரியாக 280 நாள். இப்போது 2025 மார்ச் 28-ஐ எடுங்கள். 3 மாதம் பின்னே போனால் 2024 டிசம்பர் 28, 7 நாள் கூட்டினால் 2025 ஜனவரி 4. ஓர் ஆண்டைக் கூட்டினால் தேதி 2026 ஜனவரி 4. எண்ணினால் 282 நாள். மாதங்கள் சம நீளம் இல்லாததால் வரும் இரண்டு நாள் பிசகு இது. குறித்த நாளில் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலரே என்பதால் இந்தப் பிசகுக்காக யாரும் கவலைப்படுவதில்லை.

இந்த விதி 28 நாள் சுழற்சியை வைத்துக் கட்டப்பட்டது. சுழற்சி 35 நாள் என்றால் கருவுறுதலே ஒரு வாரம் தள்ளி நடக்கும், ஆகவே விடையில் 7 கூட்ட வேண்டும். இன்னொரு சின்ன உறுத்தல்: மாதவிடாயின் முதல் நாளை 1 என்று எண்ணுகிறோம், 0 என்று அல்ல. ஆகவே "14-ஆம் நாள்" என்றால் கடந்திருப்பது 13 நாள்தான். 280-இலிருந்து 266-ஐக் கழித்தால் 14 வருகிறதே என்று யாராவது மல்லுக்கு நின்றால், அந்த ஒரு நாள் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இரட்டிப்பு, எங்கே வரை?

பிளவிப்பெருகல் (சைகோட் அடுத்தடுத்துப் பிரிந்து பல செல்களாவது) கணக்குகளில் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது சுற்றும் பகுப்பும். ஒரு சைகோட் 64 செல்களாக 6 சுற்றுகள் போதும், 2⁶ = 64. ஆனால் நடந்த பகுப்புகளின் மொத்த எண்ணிக்கை 63. ஒவ்வொரு பகுப்பும் எண்ணிக்கையை ஒன்று கூட்டுகிறது, ஒன்றிலிருந்து 64-க்குப் போக 63 கூட வேண்டும். மனிதக் கருவில் செல்கள் ஒரே நேரத்தில் பிரிவதில்லை என்பதால் 3 செல், 5 செல் நிலைகளும் நுண்ணோக்கியில் தெரியும். சுற்றுக் கணக்கு அங்கே தோராயம்தான். பகுப்புக் கணக்கு அப்போதும் பொருந்தும்.

இந்தக் காலத்தில் கரு பெரிதாவதில்லை. சோனா பெல்லுசிடா என்ற உறைக்குள் அதே பொருள் துண்டாகிக்கொண்டே போகிறது. சைகோட்டின் விட்டம் சுமார் 0.1 மி.மீ. 8 செல் நிலையில் ஒரு செல்லின் விட்டம் எவ்வளவு? எட்டில் ஒரு பங்கு என்று தோன்றும். எட்டில் ஒன்றாவது கன அளவு, விட்டம் அதன் கனமூலப்படி பாதி, 0.05 மி.மீ. மேற்பரப்பு என்ன ஆனது? ஒவ்வொரு செல்லுக்கும் நாலில் ஒன்று, எட்டுச் செல்லுக்கும் சேர்த்தால் இரண்டு மடங்கு. 64 செல்லில் நான்கு மடங்கு. செல்களைத் தனித்தனிக் கோளங்களாகக் கொண்டால் வரும் விடை இது. செல்கள் உருண்டையாகத் திரளும் மோருலா நிலையில் அவை நெருக்கி அமுங்கிக்கொள்கின்றன.

கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இன்று 100 அலகு என்றால் 8 நாளில் நான்கு இரட்டிப்பு, 1,600. ஆறு நாளில் 150-லிருந்து 1,200 ஆனது என்றால், எட்டு மடங்கு, மூன்று இரட்டிப்பு, ஆகவே இரட்டிப்புக் காலம் 2 நாள். ஆனால் 4-ஆம் வாரத்தில் 5 அலகில் தொடங்கி 10-ஆம் வாரம் வரை இப்படியே ஓடும் என்று வைத்துப் பாருங்கள். 42 நாள், 21 இரட்டிப்பு, 5 × 2²¹, ஒரு கோடியைத் தாண்டிவிடும். உண்மையில் உச்சம் சுமார் ஒரு லட்சம்தான். வேகம் நடுவிலேயே தளர்ந்து, 8 முதல் 10 வாரத்துக்குள் உச்சம் தொட்டு இறங்குகிறது. அடுக்குக்குறி வளர்ச்சியை எங்கே நிறுத்துவது என்பதைக் கணிதம் சொல்லாது, உயிரியல்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று. 0.1 மி.மீ. விட்டமுள்ள கோளத்தின் கன அளவு சுமார் 0.00052 கன மி.மீ. நீரின் அடர்த்தி என்று கொண்டால் சைகோட்டின் எடை ஏறத்தாழ அரை மைக்ரோகிராம். பிறக்கும் குழந்தை 3.3 கிலோ. விகிதம் சுமார் 630 கோடி. 2³² என்பது 429 கோடி, 2³³ என்பது 859 கோடி. ஆக ஒரு செல்லிலிருந்து முழுக் குழந்தை வரைக்கும் எடை 33 முறைகூட முழுதாக இரட்டிக்கவில்லை. 266 நாளை 33 ஆல் வகுத்தால் சராசரி இரட்டிப்புக்கு 8 நாள். ஆனால் கர்ப்பத்தின் 31, 32-ஆம் வாரத்தில் சிசுவின் எடை சுமார் 1.6, 1.7 கிலோ, கடைசி இரட்டிப்புக்கு மட்டும் 8 வாரம் ஆகிறது. பிறந்த பிறகு எடை மறுபடி இரட்டிக்க ஏறத்தாழ 5 மாதம்.

சிசுவின் நீளத்துக்கு ஹாஸே விதி என்று ஒரு குறுக்குவழி உண்டு. முதல் 5 மாதங்களில் மாத எண்ணின் வர்க்கம், அதன்பின் மாத எண்ணை 5 ஆல் பெருக்க வேண்டும். விடை செ.மீ.யில். 3-ஆம் மாதம் 9, 4-ஆம் மாதம் 16, 8-ஆம் மாதம் 40. மாதம் என்பது இங்கே 28 நாள், எனவே பிறப்பு 10-ஆம் மாதத்தில், 50 செ.மீ.

போட்டுப் பாருங்கள்

1. 60 ஸ்பெர்மட்டோகோனியங்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை மைட்டாசிஸ் (குரோமோசோம் எண்ணிக்கை மாறாத சாதாரணச் செல் பகுப்பு) நடத்தி, பிறந்த செல்கள் அனைத்தும் மியாசிஸை முடித்தால் எத்தனை விந்தணுக்கள்?
2. அண்டம் விடுபடும் நேரத்தில் இரண்டாம்நிலை முட்டைச்செல்லிலும் முதல் துருவ செல்லிலும் சேர்த்து எத்தனை குரோமாட்டிடுகள்?
3. சுழற்சி 31 நாள், கடைசி மாதவிடாய் அக்டோபர் 1. அண்டம் விடுபட்டிருக்கக்கூடிய நாளும் பிறப்புத் தேதியும் என்ன?
4. 16 செல் நிலையில் ஒரு செல்லின் விட்டம் எவ்வளவு?
5. ஒரு கருத்தடை முறையை 150 பெண்கள் 8 மாதம் பயன்படுத்தியதில் 6 பேர் கருவுற்றனர். பேர்ல் குறியீடு (100 பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் வரும் கர்ப்பங்கள்) என்ன?

முதலாவது 480: அறுபது 120 ஆகி, ஒவ்வொன்றும் நான்கு தருகிறது. இரண்டாவது 92. துருவ செல் சிறியதாக இருந்தாலும் அதிலும் 23 குரோமோசோம், 46 குரோமாட்டிட் உண்டு. சிறுத்தது சைட்டோபிளாசம் மட்டும்தான். மூன்றாவதில் அக்டோபர் 17, பிறப்பு ஜூலை 11. அக்டோபர் 17-இலிருந்து 266 நாள் எண்ணி ஜூலை 10 என்று கண்டிருந்தால் அதுவும் சரியே, அந்த ஒரு நாளின் கதையை மேலே பார்த்தோம். நான்காவதில் 16-இன் கனமூலம் சுமார் 2.52, ஆகவே விட்டம் 0.04 மி.மீ.

ஐந்தாவதுக்குச் சூத்திரம்: கர்ப்பங்களின் எண்ணிக்கையை 1,200 ஆல் பெருக்கி, பயன்படுத்திய மொத்த மாதங்களால் வகுக்க வேண்டும். அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் பேர்ல் வகுத்த இந்தக் குறியீடு, 100 பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் எத்தனை கர்ப்பம் என்று சொல்கிறது. 150 × 8 = 1,200 மாதம், எனவே குறியீடு 6. 150 பேரில் 6 பேர் என்று பார்த்து 4 சதவீதம் என எழுதியிருந்தால், நீங்கள் ஆட்களை எண்ணியிருக்கிறீர்கள். கேள்வி கேட்டது ஆள்-ஆண்டுகளை.